பொன்பாசி

பாசி அறைக்குள் யாரும் செருப்போடு போக முடியாது. வாசலில் மருந்துத் தண்ணீர் நிறைந்த தட்டு இருக்கும். அதில் காலை நனைத்து, கையை முழங்கை வரை கழுவிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். முதலாளியே வந்தாலும் அந்த அறைக்குப் பொறுப்பான பாசியக்கா விடமாட்டாள். ஒருமுறை அவர் நண்பர்களோடு வந்து கதவைத் தள்ளினார்.

"கால் நனைங்க சார்."

"நான் யாருன்னு தெரியுமா?" என்று சிரித்தார் அவர்.

"உங்களத் தெரியும் சார். உங்க கால்ல ஒட்டிக்கிட்டு வந்திருக்கிறது யாருன்னுதான் தெரியல."

அந்தப் பேச்சு ஹேச்சரி முழுக்க ஒரு மாதம் ஓடியது. பாசியக்கா என்று அவளுக்குப் பெயர் வைத்தது யாரென்று தெரியாது. பதினாறு வருஷமாக அந்தப் பெயர்தான்.

அது இறால் குஞ்சு பொரிக்கிற ஹேச்சரி. முட்டையிலிருந்து வெளியே வரும் குஞ்சு தூசு மாதிரி இருக்கும். முதல் நாலைந்து நாளைக்கு அதற்கு வேறு எந்தத் தீனியும் ஆகாது. அதைவிடச் சின்னதாக, உயிரோடு தண்ணீரில் மிதக்கிறதாக இருக்க வேண்டும். அதுதான் பொன்பாசி. ஒவ்வொன்றும் ஒரே ஒரு செல். கோடிக்கணக்கில் சேர்ந்தால்தான் கண்ணுக்கு நிறமாகவாவது தெரியும். தேன் கலந்த டீயின் நிறம். குளிர் அறையில், விளக்கு எரியும் கண்ணாடித் தட்டுகளில், சின்னச் சின்ன ஃப்ளாஸ்க்குகளில் விதைக்கு வைத்திருக்கும் தாய்ப்பாசி நிற்கும். ஃப்ளாஸ்க்கிலிருந்து கேனுக்கு, கேனிலிருந்து கொட்டகைக்குள் இருக்கும் ஆறு பெரிய தொட்டிகளுக்கு என்று அதைப் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். ஒரு நாள் தவறினாலும் குஞ்சுக்குப் பட்டினிதான்.

பொன்பாசிக்கு ஒரு பங்காளி உண்டு. பச்சை. காற்றிலோ, கைநகத்திலோ, ஈக்காலிலோ எப்படியோ வந்துவிடும். இரண்டும் ஒரே உரத்தைத் தின்று, ஒரே வெளிச்சத்தில் வளர்கிற ஜாதி. பச்சை பொன்னைக் கடிக்காது, துரத்தாது. முந்திக்கொண்டு தின்னும், அவ்வளவுதான். பத்தே நாளில் ஃப்ளாஸ்க் முழுக்கப் பச்சையாக நிற்கும். அதன் தோல் தடிமன். குஞ்சு தின்றாலும் செரிக்காது. பச்சை ஏறிய ஃப்ளாஸ்க்கைப் பார்த்தால் பாசியக்கா, "உன்ன யாருடி கூப்பிட்டா?" என்று திட்டிக்கொண்டே சாக்கடையில் கொட்டுவாள்.

அவள் கணவர் அதே ஹேச்சரியில் பம்ப்காரர். கடல் தண்ணீர் இழுக்கும் மோட்டார், காற்று ஊதும் மோட்டார், நல்ல தண்ணீர்க் குழாய் எல்லாம் அவர் பொறுப்பு. பம்ப் ஓட்டுகிறவர் எந்த நேரமும் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும் என்பதால் வளாகத்துக்குள்ளேயே வீடு கொடுத்திருந்தார்கள். ஒரு அறை, அரைச் சமையலறை, மேலே தகரம். வெயில் காலத்தில் உள்ளே இருப்பதும் அடுப்புக்குள் இருப்பதும் ஒன்று. ஆனாலும் வீடு. அவருக்கு ஐம்பத்துமூன்று வயது; ஒரு முழங்கால் மடங்காது. இந்த வேலை போனால் வீடும் போகும்.

அந்த ஒரு அறைக்குள்தான் இரண்டு வருஷத்துக்கு முன்பு தங்கை வந்து சேர்ந்தாள். அவள் வேலை பார்த்த தையல் கம்பெனியை ஒரே நாளில் பூட்டிவிட்டார்கள். தகரப் பெட்டியும் பாயுமாக வாசலில் வந்து நின்றவளைப் பார்த்து, "இங்க எங்கடி படுப்ப?" என்றாள் அக்கா.

"நின்னுகிட்டே தூங்குறேன். குதிரை தூங்கல?"

குறுக்கே ஒரு சேலையைக் கட்டி அறையை இரண்டாக்கினார்கள். அக்காவே மேனேஜரிடம் சொல்லி அவளைப் பாசி அறையில் சேர்த்துவிட்டாள். ஹேச்சரியில் அவளைச் சின்னவள் என்றார்கள்.

சின்னவளுக்குக் கை சுத்தம். கண் அதைவிடச் சுத்தம். அக்கா பாசியை நிறம் பார்த்து, மோந்து பார்த்துச் சொல்லுவாள். தங்கை மைக்ராஸ்கோப்பில் கோடு போட்ட கண்ணாடியை வைத்து ஒவ்வொன்றாக எண்ணுவாள். ஃப்ளாஸ்க்கில் பத்து பச்சை இருந்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். மாதம் ஒருமுறை வருகிற மீன் டாக்டரை அவள் விடுகிறதில்லை. கேள்வி மேல் கேள்வி.

ஒரு நாள் கொட்டகைக்கு வெளியே தேங்கிக் கிடந்த மழைத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து வைத்துப் பார்த்துவிட்டு, "மாமா, சீக்கிரம் வாங்க" என்று கத்தினாள். பம்ப்காரர் கிரீஸ் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு கண்ணை மூடிக் குனிந்து பார்த்தார். செருப்பு மாதிரி ஒரு பூச்சி. அதன் உடம்புக்குள் ஒரு வட்டம் பெரிதாகிப் பெரிதாகி, பட்டென்று சுருங்கியது. மறுபடி பெரிதானது.

"என்ன இது, நெஞ்சா?"

"நெஞ்சு இல்ல மாமா, மோட்டாரு. நல்ல தண்ணியில இருக்குல்ல, வெளிய இருக்கிற தண்ணி உள்ள புகுந்துகிட்டே இருக்குமாம். அத இறைச்சு இறைச்சு வெளிய கொட்டுது. நிறுத்துனா வெடிச்சுச் செத்துரும். டாக்டர் சொன்னாரு."

"அட, நம்ம ஜாதி! லீவு உண்டா இதுக்கு?"

"உங்களுக்கே இல்ல, அதுக்கா?"

"அப்ப நம்ம பொன்பாசிக்கு?"

"அதுக்கு இந்த மோட்டாரு இல்ல. அது உப்புத் தண்ணியிலயே பொறந்து வளந்தது. உள்ள எவ்வளவு உப்போ வெளியவும் அவ்வளவு. தண்ணி அது பாட்டுக்கு நிக்கும். ஒரு ஓடு கூட கிடையாது, வெறும் தோலு. உப்பு திடீர்னு குறைஞ்சா ஊதி உடைஞ்சிரும்."

"இதெல்லாம் பதினாறு வருஷமா எனக்குத் தெரியும்" என்றாள் அக்கா, ஃப்ளாஸ்க்கைக் குலுக்கிக்கொண்டே.

அவளுக்குத் தெரிந்தது உப்பு குறைந்தால் பாசி சாகும் என்பது. ஏன் சாகும் என்பது தெரியாது. தங்கை அதைச் சொல்லிக் கணவர் வாயைப் பிளந்து கேட்டது அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சேர்ந்தது. "சின்னவங்க ஃப்ளாஸ்க்தான் இந்த வாட்டி கெட்டியா வந்திருக்கு" என்று மேனேஜர் சொன்னது. அக்கா நல்லது என்று வைத்த ஃப்ளாஸ்க்கைத் தங்கை எண்ணிப் பார்த்து, ஒன்றும் பேசாமல் தனியே எடுத்து வைத்தது. வீட்டில் இருக்கிற ஒரே விசிறி சேலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் கொஞ்சம் அதிகமாகத் திரும்புவதாகத் தோன்றியது. வாய் திறந்து சொல்லக்கூடியதாக இதில் ஒன்றுமில்லை.

வெயில் உச்சத்துக்கு ஏறிய மாதத்தில் மேனேஜர் பாசி அறைக்கு வந்தார். ஒழுங்காகக் காலை நனைத்துக்கொண்டு வந்தார்.

"இந்த சீசன் முடிஞ்சா இந்த ரூமுக்கு ஒரு ஆள் போதும்னு முதலாளி சொல்றாரு. யாருன்னு இன்னும் முடிவு பண்ணல. முன்கூட்டியே சொல்லிடணும்ல, அதான்."

அவர் போனதும் சின்னவள் சொன்னாள். "நீயே இருக்கா. நான் வேற எங்கயாவது பாத்துக்குறேன்."

"எனக்குப் பிச்சை போடுறியா?"

"ஏன்கா இப்படிப் பேசுற?"

"பின்ன எப்படிப் பேசணும்? நீ சொல்லிக் குடு. எல்லாம் நீதானே சொல்லிக் குடுக்குற."

அந்த வாரத்தில்தான் அது நடந்தது.

கடல் கலங்கிக் கிடந்ததால் இரண்டு நாளாகக் கடல் மோட்டாரை ஓட்டவில்லை. கடல் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் தேக்கு தொட்டியில் கால் பங்குதான் தண்ணீர் இருந்தது. காலை பத்து மணிக்குச் சின்னவள் அந்தத் தண்ணீரில் ஒரு சொட்டை எடுத்து உப்புமானியில் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "முப்பத்தொண்ணு" என்றாள். பக்கத்தில் நின்ற அக்காவிடம் நீட்டினாள். அக்காவும் பார்த்தாள். கோடு முப்பத்தொன்றில், கடல் தண்ணீருக்குச் சரியான உப்பில், நின்றது. சின்னவள் நோட்டில் எழுதினாள். தினமும் செய்கிறதுதான். காலையில் ஒருமுறை பார்த்தால் அன்றைக்கெல்லாம் அதுதான் கணக்கு.

பத்தரை மணிக்குப் பம்ப்காரர் பக்கத்துக் காலித் தொட்டியை நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினார். கழுவி முடித்ததும் வால்வை அடைப்பதற்குப் பதிலாக மறுபக்கம் திருப்பிவிட்டார். நல்ல தண்ணீர் முழுக்கத் தேக்கு தொட்டிக்குள் போனது. அவருக்குத் தெரியாது. டீ குடிக்கப் போனார். அங்கே வண்டிக்காரரோடு பேச்சு நீண்டுவிட்டது. திரும்பி வரும்போது பன்னிரண்டு. தேக்கு தொட்டி விளிம்பு வரை ததும்பி நின்றது.

வால்வை அடைத்தார். சுற்றிப் பார்த்தார். யாரும் இல்லை. போய்ச் சொல்லியிருந்தால் தண்ணீரைத் திறந்துவிட்டிருப்பார்கள். ஒரு நாள் வேலை கெட்டிருக்கும், திட்டு விழுந்திருக்கும், அவ்வளவுதான். ஆனால் போன மாதம்தான் ஒரு மோட்டாரை எரித்துவிட்டு, "இன்னொரு தடவை இப்படி ஆச்சு, அப்புறம் நான் பேசமாட்டேன்" என்று மேனேஜரிடம் திட்டு வாங்கியிருந்தார். மோட்டார் அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். பாசிக்காரர்கள் எடுப்பதற்குள் ஏதாவது நடந்து சரியாகிவிடும் என்று நினைத்தாராம். என்ன நடக்கும் என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

ஒரு மணிக்குச் சின்னவள் கொட்டகைக்குள் வரும் குழாயைத் திறந்து, அந்தத் தண்ணீரைத் துணியில் வடிகட்டி ஆறு தொட்டிக்கும் ஏற்றினாள். மூன்று மணிக்குத் தொட்டிகளின் மேல் வெள்ளை நுரை திரண்டது. தேன் நிறம் கலங்கி, கழுநீர் மாதிரி ஆனது. அக்கா குனிந்து மோந்து பார்த்தாள். ரத்த வாடை மாதிரி ஒன்று. சின்னவள் ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். நிமிரவே இல்லை.

"என்னடி?"

"ஒண்ணும் இல்லக்கா. ஒண்ணுமே இல்ல. வெறும் தோலு மிதக்குது."

மேனேஜர் ஓடிவந்து தேக்கு தொட்டியில் உப்பு பார்த்தார். எட்டு.

மறுநாள் முழுக்கக் குஞ்சுகள் பட்டினி கிடந்தன. பக்கத்து ஹேச்சரிகளில் கேட்டுக் கிடைத்த பாசி ஒரு வேளைக்குக்கூடப் போதவில்லை. அதற்கடுத்த நாள் காலையில் குஞ்சு வளர்க்கும் எட்டுத் தொட்டிகளிலும் குஞ்சுகள் அடியில் சாம்பலாய்ப் படிந்து கிடந்தன. குளோரினைக் கொட்டிச் சாக்கடையில் திறந்துவிட்டார்கள். கூலியாட்கள் வாயில் துணி கட்டிக்கொண்டு தள்ளினார்கள்.

அன்று மத்தியானம் பம்ப்காரர் சோற்றுத் தட்டின் முன் உட்கார்ந்து, பிசைந்துகொண்டே இருந்தார்.

"சாப்பிடுங்க."

"நான்தான்."

"என்ன நான்தான்?"

சொன்னார். வால்வு, டீக்கடை, ததும்பிய தொட்டி. சொல்லிவிட்டு, "சின்னவ கிட்ட சொல்லாத" என்றார்.

"அவகிட்ட சொல்லாம இருந்துட்டா? நாளைக்கு மேனேஜர் அவளத்தான் கேப்பாரு. நோட்டுல அவ கையெழுத்துதானே இருக்கு."

"அவ சின்ன வயசு. எங்க போனாலும் பொழச்சுக்குவா. நான் எங்க போவேன், இந்தக் கால வச்சுக்கிட்டு?"

பாசியக்கா மீன் துண்டை எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.

அடுத்த நாள் மேனேஜர் அறையில் மூன்று பேரும் நின்றார்கள். நோட்டு மேஜை மேல் விரிந்து கிடந்தது.

"பத்து மணிக்கு முப்பத்தொண்ணுன்னு எழுதியிருக்கு. நான் பாக்கும்போது எட்டு. நடுவுல கடல் எங்க போச்சு?"

"நான் பாத்தப்ப முப்பத்தொண்ணுதான் சார்" என்றாள் சின்னவள்.

"பாத்தியா, பாக்காம எழுதினியா? தினம் முப்பது முப்பத்தொண்ணுதான் வருது, பாத்தா என்ன, பாக்காட்டி என்னன்னு..."

"ஐயோ இல்ல சார். அக்கா பக்கத்துலதான் நின்னா. அவகிட்டயும் காட்டினேன். கேட்டுப் பாருங்க."

மேனேஜர் பம்ப்காரரைப் பார்த்தார். "நீங்க அந்த வால்வத் தொட்டீங்களா?"

"பக்கத்துத் தொட்டியக் கழுவினேன் சார். கழுவினதும் வால்வ அடைச்சுட்டேன்."

"நீங்க சொல்லுங்க பாசியக்கா. இவங்க உப்பு பாத்ததை நீங்க பாத்தீங்களா?"

சின்னவள் நிம்மதியாக அக்காவின் பக்கம் திரும்பி நின்றாள். கேள்வி அங்கே போய்விட்டது, இனி பயமில்லை என்கிற முகம்.

தகரக் கூரை வீடு பாசியக்காவின் கண்ணில் வந்தது. கணவரின் முழங்கால் வந்தது. அதெல்லாம் வந்தது உண்மைதான். அதற்குக் கீழே இன்னொன்றும் இருந்தது. சின்னவங்க ஃப்ளாஸ்க்தான் கெட்டியா வந்திருக்கு.

"நான் பாக்கல சார்" என்றாள்.

சரியாகக் காதில் விழாதவளைப் போலச் சின்னவள் அக்காவையே பார்த்தாள். பிறகு மாமாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று மேனேஜர் சொல்லிக்கொண்டிருந்தார். அவள் நோட்டை மூடி அவர் பக்கம் தள்ளிவிட்டு வெளியே போனாள்.

வீட்டில் சின்னவள் பெட்டி கட்டும்போது அக்கா சமையலறைக் கதவில் சாய்ந்து நின்றாள். பம்ப்காரர் வெளியே ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்த ஸ்பானர்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுக்கா. மாமாவுக்காகவா, அந்த வேலைக்காகவா?"

அக்கா கதவின் தாழ்ப்பாளைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ரெண்டுக்கும்தான்னாலும் சொல்லு. தெரிஞ்சுகிட்டுப் போறேன்."

"ஒரு வாய் சோறு தின்னுட்டுப் போடி."

"ரெண்டு வருஷம் தின்னது போதும்கா."

சேலைத் தடுப்பை அவளே அவிழ்த்து, மடித்து, அக்காவின் கட்டிலில் வைத்தாள். போனாள்.

பாசி அறை பாசியக்காவுக்கே ஆனது. நாலைந்து மாதம் ஓடியது. கொஞ்சம் கொஞ்சமாக அவளுக்கு ஒன்று விளங்கியது: மைக்ராஸ்கோப்பில் கோடுகள் கலங்கித் தெரிகின்றன. எண்ண ஆரம்பித்தால் பாதியில் விட்டுப்போகும். நிறத்தைப் பார்த்தே ஓட்டினாள். நிறம் மாறிக் கண்ணுக்குத் தெரியும் நேரத்தில் பச்சை பாதி ஃப்ளாஸ்க்கைப் பிடித்திருக்கும். ஒன்றைக் கொட்டினாள், இரண்டைக் கொட்டினாள். கடைசியில் தாய்ப்பாசித் தட்டு முழுக்கப் பச்சையாக நின்றது. இந்த முறை அவள் அதைத் திட்டவில்லை.

மேனேஜர் கூப்பிட்டார். "கழிமுகத்துக்கு அந்தப் பக்கம் புதுசா ஒரு ஹேச்சரி வந்திருக்குல்ல, அங்க சுத்தமான தாய்ப்பாசி இருக்காம். பாசி ரூமுக்கு உங்க தங்கச்சிதான் பொறுப்பு. நீங்க போய்க் கேட்டா குடுப்பாங்க."

"வேற யாரையாவது அனுப்புங்க சார்."

"வேற யாருக்கு அதைத் தூக்கிட்டு வரத் தெரியும்?"

படகில் போய், பஸ் பிடித்து, கடைசி ஒரு மைல் வெயிலில் நடந்து போய்ச் சேர்ந்தாள். வாசலில் இருந்த பெண், "மேடம் உள்ள இருக்காங்க" என்றாள். மேடம் யாரென்று புரிய ஒரு நிமிஷம் ஆனது.

சின்னவள் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். தலையில் தொப்பி, காதுக்குப் பின்னால் பேனா. அக்காவைப் பார்த்ததும் அவள் முகத்தில் ஒன்று எழுந்து அடங்கியது.

"வாங்க" என்றாள். "உக்காருங்க. மேனேஜர் போன் பண்ணாரு."

பிறந்ததிலிருந்து அவள் வாயில் வராத மரியாதை. பாசியக்கா உட்காரவில்லை.

"நல்லா இருக்கியா?"

"நல்லா இருக்கேன். நீங்க எப்படி இருக்கீங்க?"

"இருக்கேன்டி."

சின்னவள் தட்டிலிருந்து இரண்டு ஃப்ளாஸ்க்கை எடுத்தாள். ஒவ்வொன்றையும் விளக்குக்கு நேரே தூக்கிச் சுழற்றிப் பார்த்தாள். நல்ல தேன் நிறம். வாயைப் பஞ்சால் அடைத்து, காகிதம் சுற்றி, நூல் கட்டி, தேதி எழுதினாள். எல்லாம் அக்கா சொல்லிக் கொடுத்த விதத்தில்தான்.

"ரெண்டா கொண்டு போங்க. ஒண்ணு கெட்டாலும் இன்னொண்ணு நிக்கும்."

"நான் அன்னிக்குப் பாத்தேன்" என்றாள் பாசியக்கா. "நீ உப்பு பாத்தத நான் பாத்தேன். கோடு முப்பத்தொண்ணுலதான் நின்னுச்சு."

சின்னவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"அத எதுக்கு என்கிட்ட சொல்றீங்க? எனக்குத் தெரிஞ்ச விஷயம்தானே. தெரியாதவங்ககிட்ட சொல்லுங்க."

வாசல் வரை கூட வந்தாள். பையை வாங்கித் தோளில் சரியாக மாட்டிவிட்டாள். விரல் அக்காவின் தோளில் பட்டதும் எடுத்துக்கொண்டாள். "பஸ்ல குலுங்காமப் பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பிவிட்டாள்.

வரும் வழியெல்லாம் ஃப்ளாஸ்க்குகளை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தாள். படகு கழிமுகத்தைத் தாண்டும்போது முடிவு செய்தாள். வீடு போனால் போகட்டும். இறங்கினதும் வீட்டுப் பக்கம் போகாமல் நேரே மேனேஜர் அறைக்கு நடந்தாள்.

"குடுத்துட்டாங்களா? நல்லது. உள்ள கொண்டு போய் வைங்க."

"சார், ஒரு விஷயம் சொல்லணும்."

"சொல்லுங்க."

"அன்னிக்கு அவ உப்பு பாத்தா. நான் பக்கத்துல நின்னு பாத்தேன். வால்வ மாத்தித் திறந்து விட்டது எங்க வீட்டுக்காரரு. எனக்கு அப்பவே தெரியும். பாக்கலன்னு பொய் சொன்னேன்."

பதினாறு வருஷத்தில் அந்த அறையில் அவள் இவ்வளவு பேசியதில்லை. மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபமே வரவில்லை.

"தெரியும்ங்க" என்றார்.

"என்ன சார்?"

"கடல் மோட்டார் ரெண்டு நாளா ஓடல. கால் தொட்டி தண்ணி மத்தியானம் விளிம்பு வரைக்கும் நிக்குது. வானத்துலேர்ந்தா வந்துச்சு? நல்ல தண்ணிக் குழாயத் திறக்கிற சாவி ஒருத்தர்கிட்டதான் இருக்கு. இதுகூடத் தெரியாமலா நான் மேனேஜரா உக்காந்திருக்கேன்?"

"அப்ப அவள ஏன் சார் அனுப்புனீங்க?"

"முதலாளிக்கு யாராவது ஒருத்தர் போயாகணும். உங்க ரூம்லயும் ஒரு ஆள் எப்படியும் குறையணும். பம்ப் ஓட்டத் தெரிஞ்ச ஆளு இந்தக் காலத்துல கிடைக்கிறது கஷ்டம்."

"அப்புறம் எதுக்கு என்கிட்ட கேட்டீங்க?"

"நானா சொன்னா அநியாயம்பாங்க. சொந்த அக்காவே சொன்னா யாரு கேள்வி கேப்பா?" அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "முடிஞ்சு போனதுங்க. அந்தப் பொண்ணுக்கும் நல்ல இடமாத்தான் அமைஞ்சிருக்கு. வெயில்ல வந்த பாசி, நிக்காதீங்க, போங்க."

வெளியே மோட்டார் அறை வாசலில் பம்ப்காரர் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அவள் மேனேஜர் அறையிலிருந்து வருவதைப் பார்த்ததும் சுவரைப் பிடித்து எழுந்தார். முகம் வெளிறிவிட்டது.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"பம்ப் ஓட்ட ஆளு கிடைக்கிறது கஷ்டமாம்" என்றாள் அவள். அவர் முகத்தில் ரத்தம் திரும்புவதைப் பார்க்கப் பிடிக்காமல், ஃப்ளாஸ்க்குகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொட்டகையைப் பார்த்து நடந்தாள்.